கண்ணிவெடி களைவோர்: ஒரு தொழிற்காப்பு வரலாறு

மதுரை மாநகரின் மதிலில் அமைந்திருந்த பொறிகளைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை நிரல்பட உரைக்கின்றது. அப்பொறிகளுள் முதலாவதாகக் கூறப்பெறுவது வளைவிற்பொறி. வளைந்து தானே எய்யும் எந்திர வில் என அதற்கு உரை காண்பர். எய்வோன் இன்றியே எய்யும் படைக்கலம் பற்றிய எண்ணம் தமிழ் இலக்கியத்துக்குப் புதியதன்று. ஆயினும் அப்பொறி மதிலின்மேல் நின்றது. பகைவன் கண்ணுக்குப் புலனாயிற்று. முற்றுகை ஓய்ந்தபோது அதன் தொழிலும் ஓய்ந்தது.

இருபதாம் நூற்றாண்டு பெருக்கிய கண்ணிவெடி இத்தகையதன்று. அது மண்ணுக்குள் கிடப்பது. மிதிக்கும் கால் படைஞனுடையதா, விறகு பொறுக்க வந்த சிறுமியுடையதா என்று அறியாதது. போர் ஓய்ந்த செய்தி அதற்கு எட்டுவதில்லை. அமைதி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட தலைவர்கள் மறைந்த பின்னரும் அது தன் காவலைத் தொடரும். புதைப்பவன் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் புதைத்துச் செல்வான். கையால் அகற்றுபவனோ ஒரு நாளில் சில பத்துச் சதுர மீட்டர் நிலத்தையே கடக்க இயலும்.

கண்ணிவெடியால் உறுப்பிழந்த உழவரையும் சிறாரையும் பற்றி உலகம் ஓரளவு பேசியிருக்கின்றது. 1997ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபெல் பரிசு, கண்ணிவெடித் தடைக்கான பன்னாட்டு இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளராக இருந்த ஜோடி வில்லியம்ஸ் அம்மையாருக்கும் வழங்கப்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஒட்டாவா நகரில் தடை உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 1999 மார்ச் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அவ்வெடிகளை நாள்தோறும் ஊதியத்துக்காகத் தோண்டி எடுப்போரைப் பற்றிய பேச்சு குறைவே. அவர்களை வீரர் எனப் போற்றுவோர் பலர். தொழிலாளர் என எண்ணுவோர் சிலர். வீரன் இறந்தால் அவன் புகழைப் பாடலாம். தொழிலாளி இறந்தால் அவன் ஏன் இறந்தான் என்று கேட்டாக வேண்டும். இக்கேள்வி எப்போது பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது என்பதே இத்தொழிலின் காப்பு வரலாறு.

கைதிகளின் காலம்

1945 மே மாதத்தில் டென்மார்க் விடுதலை பெற்றபோது அதன் மேற்குக் கடற்கரை நெடுகிலும் கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தன. நேச நாட்டுப் படைகள் அக்கரையில் இறங்கக்கூடும் என அஞ்சி ஜெர்மானியர் புதைத்தவை அவை. ஏறத்தாழ 14 லட்சம் எனக் கணக்கிடப்பெற்றன. அவற்றை அகற்றும் வேலை, சரணடைந்த ஜெர்மானியப் படைஞரிடமே ஒப்படைக்கப்பெற்றது. புதைத்தவனே எடுக்கட்டும் என்பது அன்றைய நீதி. ஆனால் எடுக்க வந்தோருள் புதைத்தவர் எத்தனை பேர் என்று எவரும் கேட்கவில்லை. பதின்பருவம் நீங்காத இளைஞரும் அவர்களிடையே இருந்தனர். ஏறத்தாழ ஐந்து மாதங்களில் வேலையின் பெரும்பகுதி முடிந்தது. 149 பேர் இறந்தனர். 165 பேர் கடுங்காயமுற்றனர். 167 பேர் சிறுகாயங்களுடன் தப்பினர்.

போர்க் கைதிகளை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்தலாகாது என 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை விலக்கியிருந்தது. எனவே பெயர் மாற்றப்பட்டது. அவர்கள் போர்க் கைதிகள் அல்லர், சரணடைந்த பகைப்படையினர் என ஏடுகளில் குறிக்கப்பெற்றனர். அகற்றிய நிலம் தூயதுதானா என்று சோதிக்கவும் ஒரு முறை இருந்தது. அகற்றியவர்களையே கைகோத்து வரிசையாக அந்நிலத்தின்மேல் நடக்கச் செய்வது அம்முறை. எஞ்சிய வெடி எதுவும் இல்லையென்றால் அவர்கள் மறுகரை சேர்வர். நெடுங்காலம் பேசப்படாதிருந்த இச்செய்தியைப் பொருளாகக் கொண்டு 2015இல் டென்மார்க்கில் ஒரு திரைப்படம் வெளிவந்தது. மணலுக்கு அடியில் எனப் பொருள்படும் பெயருடைய அப்படத்தை மார்ட்டின் சான்ட்விலீட் இயக்கினார்.

பிரான்சின் கதையும் இதனோடு ஒத்தது. அங்கு மறுசீரமைப்பு அமைச்சகத்தின் கீழ் கண்ணிவெடி அகற்றும் பொறுப்பை ஏற்றவர் ரேமோன் ஓப்ராக். எதிர்ப்பியக்கத்தில் புகழ்பெற்ற பொறியாளர் அவர். பயிற்சி பெற்ற பிரெஞ்சுப் பணியாளரும் பல்லாயிரக்கணக்கான ஜெர்மானியக் கைதிகளும் ஒரே நிலத்தில் வேலை செய்தனர். பணி நிறைவெய்துவதற்குள் ஏறத்தாழ 500 பிரெஞ்சுப் பணியாளரும் 1,800 அளவில் கைதிகளும் மாண்டனர்.

இந்த அனுபவத்தின் சுவட்டினை 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையில் காணலாம். அதன் 52ஆம் பிரிவு, தானாக முன்வந்தாலன்றி எந்தக் கைதியையும் ஆபத்தான வேலைக்கு அனுப்பலாகாது என்று விதித்தது. அத்துடன் நில்லாது, கண்ணிவெடி அகற்றுதல் ஆபத்தான வேலையே என்று வெளிப்படையாக எழுதியும் வைத்தது. இனிப் பெயரை மாற்றித் தப்ப இயலாது. ஆனால் உடன்படிக்கை, யாரை இவ்வேலைக்கு அனுப்பலாகாது என்றதேயன்றி, வேலையை எவ்வாறு செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அக்கேள்விக்கு விடை காண மேலும் நாற்பது ஆண்டுகள் சென்றன. டென்மார்க்கின் ஸ்கலிங்கன் தீபகற்பத்தில் எஞ்சியிருந்த கடைசி வெடிநிலமும் 2012இல்தான் தூய்மை பெற்றது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

படைஞன் பாதையும் உழவன் வயலும்

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையுடன் இணைந்திருந்த போலந்துப் படையின் அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி கையில் ஏந்திச் செல்லத்தக்க உலோகங்காண் கருவி ஒன்றை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை கோராமல் பிரித்தானியப் படைக்கே அளித்தார். 1942இல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் அக்கருவி பயன்பட்டது. அதுவரை துப்பாக்கி முனையீட்டியால் மண்ணைக் குத்திப் பார்த்தே வெடியைத் தேடி வந்தனர்.

எனினும் படையின் நோக்கம் வேறு. பகைவன் வெடிநிலத்தை ஊடறுத்து ஒரு பாதை திறந்தால் படைக்குப் போதும். விரைவே அங்கு முதன்மை. சில வெடிகள் தப்பினும், சிலர் மாண்டாலும், போரின் கணக்கில் அது பொறுக்கத்தக்க இழப்பு. உழவனின் கணக்கு அவ்வாறன்று. நூறு வெடிகளில் தொண்ணூற்றொன்பதை எடுத்துவிட்டோம் என்று சொன்னால் அவன் ஏர் பூட்ட மாட்டான். எந்த ஒன்று எஞ்சியிருக்கின்றது என்பது தெரியாதவரை முழு வயலும் அவனுக்கு இழந்த வயலே. ஆகவே மனிதநேயப் பணியில் கண்ணிவெடி அகற்றுதல், படைப்பணியினின்று பிரிந்து தனித்தொழிலாக வேண்டியதாயிற்று. இப்பிரிவு ஆப்கானிஸ்தானில் நிகழ்ந்தது.

சோவியத் படைகள் 1989 பிப்ரவரியில் அந்நாட்டினின்று முற்றாக வெளியேறின. அதற்கு முன்னரே, 1988இல், ஐக்கிய நாடுகள் அவை சலாம் என்னும் பெயரிய உதவித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. இளவரசர் சத்ருத்தீன் ஆகா கான் அதற்குப் பொறுப்பேற்றார். பாகிஸ்தானில் தங்கியிருந்த ஆப்கானிய ஏதிலியரில் ஆயிரக்கணக்கானோர்க்கு, பல நாட்டுப் படைப் பயிற்றுநர்கள் குறுகிய காலப் பயிற்சி அளித்தனர். பயிற்சி பெற்றவர் தத்தம் ஊர் திரும்பித் தாமே வெடிகளை அகற்றிக்கொள்வர் என்பது எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு ஈடேறவில்லை. வெடியை அடையாளம் காண ஒருவனுக்குக் கற்பிக்கலாம். ஆனால் மேற்பார்வையாளர் இல்லை, வரைபடம் இல்லை, காயமுற்றால் தூக்கிச் செல்ல வண்டி இல்லை, குருதியை நிறுத்த மருத்துவ உதவியாளர் இல்லை. அறிவு மட்டும் தொழில் ஆகாது, அதனைச் சூழ்ந்த ஒழுங்கே தொழில் என்பதை இத்தோல்வி உணர்த்தியது. இதன்பின்பே ஆப்கானியரைக் கொண்ட அமைப்புகள், நிலையான குழுக்களாகவும் ஊதியம் பெறும் பணியாளராகவும் உருப்பெற்றன. பிரித்தானியாவில் 1988இல் ஹாலோ டிரஸ்ட் என்னும் அமைப்பும், 1989இல் ரே மெக்ராத் என்பார் தொடங்கிய மைன்ஸ் அட்வைசரி குரூப் என்னும் அமைப்பும் தோன்றின. கம்போடியாவில் 1992இல் கண்ணிவெடி அகற்றலுக்கென நாட்டு மையம் நிறுவப்பட்டது. மொசாம்பிக்கில் அதே ஆண்டு அமைதி ஒப்பந்தம் ஏற்பட்டு, அடுத்த ஆண்டில் பணி தொடங்கிற்று.

1991இல் வளைகுடாப் போர் முடிந்தபின் குவைத்தில் நடந்தது மற்றொரு பாடம். நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பல நாட்டினரிடம் பெருந்தொகை ஒப்பந்தங்களாக வழங்கினர். விரைவாக முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி இருந்தது. அனைவர்க்கும் பொதுவான காப்பு நெறி இருக்கவில்லை. அங்கு உயிரிழந்த பணியாளர் பலர்.

விபத்து நேரும் இடம்

கண்ணிவெடி அகற்றுவோர் எப்போது இறக்கின்றனர் என்று கேட்டால், வெடியை மிதிக்கும்போது என்றே பெரும்பாலோர் விடையிறுப்பர். பதிவுகள் கூறும் விடை வேறு. மிகுதியான விபத்துகள் நிகழ்வது தோண்டும்போதுதான். இதனை விளங்கிக்கொள்ள வேலையின் முறையை அறிதல் வேண்டும்.

பணியாளர் ஒருவருக்கு ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை ஒன்று ஒதுக்கப்படும். அவர் முன்னே நிலத்தின்மேல் ஒரு கோல் கிடக்கும். அதற்குப் பின்புறம் தூய நிலம், முன்புறம் ஐயத்துக்குரிய நிலம். முதலில் இடறுகம்பி உண்டா எனப் பார்க்க வேண்டும். பின் புல்லையும் செடியையும் சிறிது சிறிதாக வெட்டி நீக்க வேண்டும். பின்னர் உலோகங்காண் கருவியை மண்ணின்மேல் அசைக்க வேண்டும். ஒலி எழுந்தால் அவ்விடத்தைக் குறித்து, சற்றுப் பின்னாலிருந்து தோண்டத் தொடங்கி, வெடியின் பக்கவாட்டை நோக்கி மெல்ல நகர வேண்டும். குத்தூசியைச் செங்குத்தாக அன்றி, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் செலுத்த வேண்டும். அழுத்தம் பெறுவது வெடியின் மேற்புறம் ஆதலின், பக்கத்தைத் தொட்டால் அது பெரும்பாலும் உறங்கியே கிடக்கும்.

பெரும்பாலும் என்னும் இச்சொல்லில்தான் உயிர் தொங்குகின்றது. வெடி சாய்ந்து கிடக்கலாம். மழைநீர் அதனைப் புரட்டியிருக்கலாம். மண் கோடையில் கல்லாக இறுகியிருக்கலாம். இறுகிய மண்ணில் மென்மையாகக் குத்த இயலாது. அன்றியும் கருவி ஒலிக்கும் ஒவ்வோரிடத்திலும் வெடி இருப்பதில்லை. தோட்டாக் கூடு, ஆணி, தகரத் துண்டு என நூற்றுக்கணக்கான பொய்யொலிகளைத் தோண்டிய பின்பே ஓர் உண்மை வெடி கிட்டும். நூறு முறை ஏமாந்த கை நூற்றோராவது முறை சற்று விரைவாகத் தோண்டுதல் மனித இயல்பு. சில வெடிகளிலோ உலோகம் மிகச் சிறிது. கம்போடியாவின் செம்பாறை மண்ணைப் போல இரும்பு மிகுந்த நிலத்தில் பழைய கருவிகள் மண்ணுக்கே ஒலித்தன. 1990களில் ஆஸ்திரேலியாவில் உருவான புதுவகைக் கருவிகள் வந்த பின்னரே இக்குறை தணிந்தது.

தோண்டும் கருவியும் ஒரு காரணம். தொடக்க காலத்தில் துப்பாக்கி முனையீட்டியும், கடையில் வாங்கிய தோட்டக் கரண்டியும், குட்டையான கைப்பிடியுடைய கத்தியும் பயன்பட்டன. குட்டைக் கருவியின் நுனியில் வெடித்தால் கை போய்விடும். பிடியும் அலகும் தனித்தனியாகப் பொருத்திய கருவியாயின் அது சிதறி, துண்டுகள் முகத்தை நோக்கிப் பாயும். அவ்வாறு வெடியினின்று தப்பியவர் தம் கருவியாலேயே குருடான நிகழ்ச்சிகள் உண்டு. கை நீளத்தை இருமடங்காக்கினால் வெடிப்பின் அழுத்தம் பன்மடங்கு குறையும். எனவே நீண்ட பிடியும், கைக்கு மறைப்பும், சிதறாத ஒற்றை அமைப்பும் கொண்ட கருவிகள் பின்னாளில் வடிவமைக்கப்பெற்றன. பிரித்தானியரான ஆன்டி ஸ்மித் இத்துறையில் முன்னின்றவர். அவர் வடிவமைத்த முகமறைப்புகளும் உடற்கவசங்களும் ஜிம்பாப்வேயிலேயே குறைந்த செலவில் செய்யப்பட்டன.

அவர் ஆற்றிய மற்றொரு பணி இன்னும் இன்றியமையாதது. 1990களின் இறுதியில் பல நாடுகளிலும் நிகழ்ந்த விபத்துகளின் விசாரணை அறிக்கைகளை அவர் தேடித் திரட்டத் தொடங்கினார். ஒவ்வோர் அமைப்பும் தன் விபத்தைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்ட காலம் அது. ஒரு நாட்டில் ஒருவன் கண்ணிழந்த காரணத்தை அறியாமலே மற்றொரு நாட்டில் மற்றொருவன் கண்ணிழந்தான். அறிக்கைகள் ஓரிடத்தில் சேர்ந்தபோது உண்மைகள் தாமே புலப்பட்டன. கையும் கண்ணுமே மிகுதியாகச் சேதமுறும் உறுப்புகள். கண்ணிழந்தோருட் பலர் முகமறைப்பை உடையவராயிருந்தும் அதனை மேலே உயர்த்தி வைத்திருந்தனர்.

ஏன் உயர்த்தினர்? கீழ்ப்படியாமை என ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அறிக்கைகளைக் கூர்ந்து படிப்போர் அவ்வாறு முடிக்க மாட்டார். வெயிலில் மறைப்பின் உட்புறம் மூச்சுக்காற்றால் மங்கும். நாட்பட்ட மறைப்பில் கீறல் விழுந்து பார்வை மறையும். பார்வை மறைந்தால் இடறுகம்பி தெரியாது. காணவேண்டிய கண்ணைக் காக்க வேண்டிய பொருளே கட்டிவிட்டது. புதிய மறைப்பை வாங்கித் தர வேண்டியவர் யார் என்ற கேள்வி அடுத்து எழுகின்றது.

நெறிகள் பிறந்த கதை

1996 ஜூலையில் பன்னாட்டுத் தொழில்நுட்ப மாநாடு ஒன்று கூடிற்று. மனிதநேயக் கண்ணிவெடி அகற்றலுக்குப் பொதுவான நெறிகள் வேண்டும் என அங்கு முதன்முதலாக முன்மொழியப்பெற்றது. அம்மாநாடு கூடிய நாடு டென்மார்க். கைதிகளைக் கைகோத்து நடக்கவிட்ட கடற்கரையையுடைய அதே நாட்டில், ஐம்பத்தோராண்டுகளுக்குப் பின், இத்தொழிலாளர்க்கான நெறி பேசப்பட்டது. 1997 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் அவை அந்நெறிகளின் முதல் வடிவை வெளியிட்டது. விரிவாக்கப்பெற்ற பன்னாட்டு நெறித்தொகுதி 2001 அக்டோபரில் வெளிவந்தது. 1998இல் ஜெனீவாவில் தோன்றிய மனிதநேயக் கண்ணிவெடி அகற்றல் மையம் இத்தொகுதியைப் பேணுவதில் பெரும்பங்கு ஆற்றியது.

அந்நெறிகளின் சொற்கள் வறண்டவை. பொருளோ உயிரோடு தொடர்புடையது. கண்மறைப்பு குறைந்தது 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலிகார்பனேட் அளிக்கும் காப்புக்குக் குறையலாகாது என்கின்றன. உடற்கவசத்துக்கு 240 கிராம் டி.என்.டி. வெடிப்பை அளவுகோலாகக் கொள்கின்றன. உலகெங்கும் பரவிய சோவியத் மிதிவெடியாகிய பி.எம்.என். வகையில் அடங்கிய மருந்தும் அதே அளவினது. பணியாளர்களிடையே தகுந்த இடைவெளி வேண்டும் என்பது மற்றொரு விதி. 25 மீட்டர் என்பது பல இடங்களில் வழக்காயிற்று. ஒருவர் வேலை செய்ய மற்றொருவர் அருகிருந்து நோக்கும் இருவர் முறை முன்னாளில் பரவியிருந்தது. ஒரு வெடிப்பில் இருவர் வீழ்ந்த நிகழ்ச்சிகளுக்குப் பின் பல அமைப்புகள் ஒருவர் முறைக்கு மாறின.

வேலை தொடங்குமுன் கருவியைச் சோதித்தல், குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு, களத்திலேயே மருத்துவ உதவியாளரும் வண்டியும், காயமுற்றவரை வெளிக்கொணரும் ஒத்திகை, பணியாளர்க்குக் காப்பீடு ஆகியனவும் இடம்பெற்றன. ஒத்திகை என்பது அற்பச் செய்தியன்று. வெடித்த ஒலி கேட்டவுடன் நண்பனை நோக்கி ஓடுவதே எவர்க்கும் தோன்றும். ஆனால் அவன் கிடக்கும் நிலம் இன்னும் தூய்மை பெறாத நிலம். ஓடுபவன் இரண்டாம் வெடியை மிதிப்பான். எனவே நிற்கவும், சோதித்த வழியிலேயே அணுகவும் உடம்பைப் பழக்க வேண்டும். பாசத்தையும் முறைப்படுத்த வேண்டிய தொழில் இது.

கவசத்தின் எல்லையையும் மறத்தலாகாது. தரைக்கு மேல் எழும்பி வெடித்து இரும்புச் சில்லுகளைச் சிதறும் வகைகள் உண்டு. யூகோஸ்லாவியாவில் செய்யப்பட்ட பிரோம் 1 என்னும் வெடி போஸ்னியாவிலும் குரோவேசியாவிலும் அகற்றுவோர் பலரைக் கொன்றது. அதன் அருகிலிருப்பவனை எந்த உடற்கவசமும் காவாது. ஆகவே கவசம் இறுதிக் காப்பே. முறையும் மேற்பார்வையுமே முதற்காப்பு.

எவர் பிழை?

விபத்து நிகழ்ந்தபின் விசாரணைக் குழு அமையும். பழைய அறிக்கைகள் பலவற்றின் முடிவு, பணியாளர் விதியை மீறினார் என்பதே. அவர் குந்தியிருந்தார், படுத்திருக்க வேண்டும் என்பது ஆப்கானிஸ்தானில் அடிக்கடி கூறப்பட்ட குற்றம். ஆனால் அக்குழுவில் அனைவரும் நாள்தோறும் குந்தியே வேலை செய்தனர். மேற்பார்வையாளரும் அதனை நாள்தோறும் பார்த்து நின்றார். கல்லும் முள்ளும் நிறைந்த நிலத்தில் மணிக்கணக்கில் குப்புறப் படுத்துத் தோண்டுதல் இயலாது என்பதை விதி எழுதியவர் எண்ணவில்லை. எவரும் பின்பற்றாத விதி, விபத்துக்குப் பின் பழிசுமத்தவே பயன்படும்.

திரட்டப்பெற்ற விபத்துப் பதிவுகள் காரணங்களை வேறு வகையாகப் பகுத்தன. பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவு என்பது அவற்றுள் ஒன்று மட்டுமே. களக் கட்டுப்பாட்டின் குறை, நிருவாகத்தின் குறை, பயிற்சியின் குறை, கருவியின் குறை எனப் பிறவும் இடம்பெற்றன. மேற்பார்வையாளர் கண்டும் திருத்தாத தவறு களக் கட்டுப்பாட்டின் குறை. பொருந்தாத கருவியையோ முறையையோ வழங்கியது நிருவாகத்தின் குறை. விதிப்படியே வேலை செய்தும் வெடித்தால் அது தவிர்க்கவியலாதது எனக் குறிக்கப்பெற்றது. இப்பகுப்பு வெறும் அட்டவணை அன்று. பழி விழும் இடம் மாறினால் இழப்பீடும் மாறும். இறந்தவன் மனைவி தன் மக்களுக்குச் சொல்லும் சொல்லும் மாறும்.

வெடியால் அன்றி மனிதரால் நேர்ந்த இழப்புகளும் இவ்வரலாற்றில் உள. 1996 மார்ச்சில் கம்போடியாவில் கெமர் ரூஜ் படையினர் கண்ணிவெடி அகற்றும் குழு ஒன்றைச் சிறைப்பிடித்தனர். பணயத்தொகை கொணரச் செல்ல வாய்ப்பிருந்தும் பிரித்தானியரான கிறிஸ்டோபர் ஹவ்ஸ் தம் குழுவினரை விட்டுச் செல்ல மறுத்தார். அவரும் மொழிபெயர்ப்பாளர் ஹுன் ஹூர்த்தும் கொல்லப்பட்டனர். 2021 ஜூனில் ஆப்கானிஸ்தானின் பக்லான் மாநிலத்தில் ஹாலோ பணியாளர் தங்கிய முகாமில் துப்பாக்கியேந்தியோர் புகுந்து பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றனர். விதிநூல்களால் காக்க இயலாத மரணங்கள் இவை.

வன்னி மண்ணில்

ஈழத் தமிழர் வாழும் வடக்கும் கிழக்கும் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவன. மிதிவெடி என்னும் சொல்லே அங்குப் பேச்சு வழக்கில் நிலைத்தது. இலங்கைப் படை புதைத்தவையும், விடுதலைப் புலிகள் மரப்பெட்டியில் செய்து ஜொனி எனப் பெயரிட்டவையும் ஒரே மண்ணில் கிடந்தன. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் ஏற்பட்டபோது பன்னாட்டு அமைப்புகள் பணி தொடங்கின. ஓய்வுபெற்ற இந்தியப் படைப் பொறியாளரைக் கொண்ட சர்வத்ரா, ஹொரைசன் என்னும் அமைப்புகளும் பின்னர் அங்குப் பணியாற்றின.

அம்மண்ணின் இயல்புக்கேற்ப ஒரு புதுமுறையும் அங்குதான் வளர்ந்தது. தோட்டத்தில் சருகு வாரப் பயன்படும் இரும்புப் பல் வாரியைப் போன்ற கருவியை, நீண்ட பிடி பொருத்தி, நார்வே மக்கள் உதவி அமைப்பினர் வன்னியில் முறைப்படுத்தினர். மணற்பாங்கான நிலத்தை அடுக்கடுக்காக வாரிச் செல்லும்போது வெடி பக்கவாட்டில் வெளிப்படும். உலோகம் குறைந்த வெடிகள் நிறைந்த நிலத்தில் இம்முறை பெரிதும் உதவிற்று. வாரியின் நுனியில் வெடித்தாலும் பிடிப்பவர் கையும் முகமும் எட்டவே இருக்கும். உயர்ந்த விலைக் கருவியினும் எளிய கருவியின் நீண்ட பிடி உயிர் காக்கும் என்பதற்கு வன்னி சான்று.

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது ஏறத்தாழ மூன்று லட்சம் மக்கள் முகாம்களில் இருந்தனர். அவர்தம் ஊர்களுக்குத் திரும்பும் வழி வெடிநிலங்களின் ஊடே சென்றது. அகற்றும் குழுக்கள் பெருகின. 2010இல் டாஷ் என்னும் உள்நாட்டு அமைப்பும் தோன்றியது. இக்குழுக்களில் பெண்கள் பெருந்தொகையினராகச் சேர்ந்தனர். கணவனை இழந்தோர், காணாமற்போனவனை எதிர்நோக்கியிருப்போர், குடும்பச் சுமையைத் தனித்துச் சுமப்போர் அவர்களுட் பலர். வேறு வேலை அரிதான நிலத்தில் மாத ஊதியம் தரும் வேலை இது. முகாமாலை என்றும் முகமாலை என்றும் வழங்கும் ஊரில் இரு படைகளும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிர் நின்ற காவலரண் நிலத்தில், தலைமுதல் இடைவரை கவசம் அணிந்து, பனங்கூடல்களின் நடுவே அவர்கள் ஒரு மீட்டர் பாதையில் முன்னேறினர்.

மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் தூய்மை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி அந்நாட்டுக்கு ஏற்பட்ட பத்தாண்டுக் கெடு 2028 ஜூனில் முடிவடைவது. கெடு நெருங்குந்தோறும் விரைவு வேண்டும் என்ற நெருக்கடியும் வளரும். குவைத்தின் பாடம் அப்போது மறக்கப்படலாகாது.

பெயர் நீங்கிய ஏடுகள்

மொசாம்பிக் 2015இல் வெடியற்ற நாடாயிற்று. 1982ஆம் ஆண்டுப் போரில் வெடி புதைக்கப்பெற்ற ஃபாக்லாந்துத் தீவுகள், பெரும்பாலும் ஜிம்பாப்வேப் பணியாளரின் உழைப்பால், 2020இல் தூய்மை பெற்றன. இவை இத்தொழில் முடியக்கூடிய தொழில் என்பதற்குச் சான்றுகள். ஆயினும் 2025இல் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் தடை உடன்படிக்கையினின்று விலகும் முடிவை முறையாக அறிவித்தன. கொசாட்ஸ்கி பிறந்த நாடும் அவற்றுள் ஒன்று. இன்று புதைப்பவனுக்கு ஒரு காரணம் இருக்கலாம். அதனை எடுக்கப் போகின்றவர் இன்று தொட்டிலில் கிடக்கும் குழந்தையாகவும் இருக்கலாம்.

போரில் வீழ்ந்தானுக்குக் கல் கண்டு, நீர்ப்படுத்து, பெயரும் பீடும் எழுதி நட்ட மரபைத் தொல்காப்பியம் துறைகளாக வகுத்துரைக்கின்றது. கண்ணிவெடி விபத்துகளின் பொதுப்பதிவேட்டில் பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன. அவரவர் குடும்பத்தின் தனிமையைக் காக்கும் பொருட்டு அது செய்யப்பட்டது, தக்கதே. பெயருக்கு மாறாக அவ்வேடுகளில் இருப்பன வேறு செய்திகள்: நாள், நாடு, மண்ணின் இறுக்கம், வெடியின் வகை, கருவியின் நீளம், முகமறைப்பு எவ்வாறு இருந்தது, மருத்துவமனை சேர எத்தனை நிமிடம் ஆயிற்று. இவ்வறண்ட வரிகளைப் படித்தே பிடியை நீட்டினர், மறைப்பை மாற்றினர், இடைவெளியைக் கூட்டினர்.

போரைப் பாடிய புலவர் மரபில் வந்தோர், போருக்குப் பின் நிலத்தை மீட்போரையும் பாட வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவ்வாறு பாடுங்கால் அவர்தம் அஞ்சாமையை மட்டும் பாடுதல் போதாது. அஞ்சாமையைப் புகழ்ந்துவிட்டுக் கீறல் விழுந்த கண்மறைப்பை மாற்றாதிருத்தல் எளிது. உலகம் அதனை நெடுங்காலம் செய்துவந்தது. இத்தொழிலில் தேர்ந்தோர் தம்மை வீரர் எனச் சொல்லிக்கொள்வதில்லை. நாள் முடிவில் கோல் நின்ற இடத்தில் குறியிட்டு, கடந்த நிலத்தை அளந்து ஏட்டில் எழுதி, கருவியை ஒப்படைத்து வீடு திரும்புகின்றனர். மறுநாள் காலை அக்குறியிலிருந்து மீண்டும் தொடங்குகின்றனர்.